பீசா நகரத்துத் தவறணை

லண்டனில் எங்கள் சாண்ட்விச் பாக்டரிக்கு ஒருநாள் புதுப் பாண் ஒன்று வந்து இறங்கியது. அதுவரைக்கும் சதுரப் பாண்தான். வெள்ளை, மண்ணிறம், வேறொன்றும் கிடையாது. இது தட்டையாக, நீளமாக, மேலெல்லாம் மாவும் சுருக்கமுமாக, யாரோ மிதித்துவிட்டுப் போனதுபோல இருந்தது. சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "சபாட்டா" என்றாள். இத்தாலி நாட்டுப் பாணாம், கவனமாக வெட்டவேண்டுமாம்.

தலையில் வலைத்தொப்பியோடு வரிசையில் நின்ற நாங்கள் நாலு யாழ்ப்பாணத்துப் பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"என்னவாம்?"

"சப்பாத்தாம்."

"காலில போடுற சப்பாத்தோ? பாணுக்கோ?"

"பின்னை? மிதிபட்ட மாதிரித்தானே கிடக்கு."

அன்றிலிருந்து எங்கள் வரிசையில் அதற்குச் சப்பாத்துப் பாண் என்றே பெயர். "சப்பாத்துக்குத் தக்காளி வையும்", "அங்கால ரெண்டு சப்பாத்து விழுந்துபோச்சு" என்று நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்க, சூப்பர்வைசருக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு மட்டும் சிரிப்போடு ஒரு கேள்வியும் வந்து ஒட்டிக்கொண்டது. இத்தாலிக்காரனின் பாணுக்கு எங்கள் ஊர்ப் பேர் எப்படி வந்தது?

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். படிப்பு நின்றுபோனதாலோ என்னவோ, எழுத்து என்று எதைக் கண்டாலும் விடமாட்டேன். பஸ்ஸில் போனால் அப்டன் பார்க்கிலிருந்து கடைசித் தரிப்பு வரைக்கும் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே போவேன். வாசிக்காத நேரத்தில் யோசிப்பேன். காஸ் அடுப்பை நிப்பாட்டினேனா, பிள்ளைக்கு இருமல் ஏன் இன்னும் போகவில்லை, கூரையில் சத்தம் கேட்கிறதே, எலியா மழையா. என் கணவர் சொல்லுவார், "உமக்கு யோசிக்கிறதுக்குச் சம்பளம் தந்தால் நாங்கள் இப்ப வெம்பிளியில வீடு வாங்கியிருப்பம்" என்று.

என் அண்ணையின் மனைவி, அதாவது என் மச்சாள், இதற்கு நேர்மாறு. குட்மேய்ஸில் இருந்தா. மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை. எதற்கும் பயமில்லை. பேப்பரில் வரும் கூப்பன்களை வெட்டிச் சேர்த்து, இத்தாலிக்கு இரண்டு விமானச் சீட்டு எடுத்திருந்தா. ஒரு வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது. ஊர் பீசா, அந்தச் சாய்ந்த கோபுரம் இருக்கும் ஊர்.

"உங்கட அண்ணையோட போனால் பாதை பார்க்கிறதிலயே சண்டை வரும். நீர் வாரும் மச்சாள். ஆம்பிளையள் ரெண்டு பேரும் பிள்ளையளைப் பார்க்கட்டும்."

சும்மா கூப்பிடவில்லை, அது எனக்குத் தெரியும். கிரீன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு குஜராத்தி ஐயா தன் சின்ன இனிப்புக்கடையை விட்டுவிட்டு மகனோடு போய் இருக்க யோசித்திருந்தார். மச்சாளுக்கு அந்த இடத்தின்மேல் கண். தோசை, வடை, றோல்ஸ் என்று ஒரு டேக்அவே போடவேண்டும். முன்னுக்கு நின்று கதைக்க அவ, பின்னுக்கு நின்று சமைக்க நான். தனியாக அவவால் ஏலாது. அவவின் தோசை சட்டியை விட்டுக் கிளம்பாது. நானோ பாக்டரி வேலையை விடப் பயந்து, மாதக்கணக்காக "பார்ப்பம், பார்ப்பம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது கெடு வந்துவிட்டது. திங்கட்கிழமை பதில் சொல்லாவிட்டால் ஐயா கடையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

"அங்க போய்ச் சாப்பிடுவம், சுத்திப் பார்ப்பம். வரேக்க ஓம் எண்டு சொல்லும், இல்லாட்டில் இல்லை எண்டு சொல்லும். நான் கோவிக்கமாட்டன்" என்றா மச்சாள். கோவிப்பா என்றும் எனக்குத் தெரியும்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். சமைத்தது மிஞ்சினால்? அண்டா நிறைய மா கரைத்து, தட்டு நிறைய வடை சுட்டு அடுக்கி, சனம் வராமல் அவ்வளவும் காய்ந்துபோய்க் கிடக்கும் காட்சி எனக்குக் கண்ணை மூடினால் வந்து நிற்கும். பாக்டரியில் ஒவ்வொரு நாளும் மிஞ்சியதைப் பெரிய கறுப்புப் பைகளில் கட்டி எறிவதைப் பார்த்துப் பார்த்து வந்த பயம் அது.

பீசா விமான நிலையத்தில், புதிதாகக் கிடைத்த பிரித்தானியப் பாஸ்போர்ட்டை இடுப்புப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அந்த மனிதன் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அவ்வளவுதானா என்று இன்னும் கொஞ்சம் நின்றேன். மச்சாள் என் கையைப் பிடித்து இழுத்தா. "வாரும். நிண்டு கேள்வி கேட்டு வாங்காதையும்."

ஹோட்டலில் பையை வைத்துவிட்டுத் தெருவுக்கு இறங்கினோம். மஞ்சள் சுவர்கள், பச்சை யன்னல் கதவுகள், கயிற்றில் காயும் சட்டைகள். நான் பலகைகளை வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு கடையின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் நாலே நாலு எழுத்து. பி, ஏ, என், ஈ.

"பேன்" என்று ஆங்கிலத்தில் வாசித்தா மச்சாள். "என்ன மச்சாள், பேன் விக்கினமோ இஞ்ச?"

கதவைத் திறந்துகொண்டு உள்ளே போன ஒரு பெண் கடைக்காரனிடம் ஏதோ கேட்டாள். அந்த நீளப் பேச்சுக்குள் ஒரு சொல் மட்டும் எனக்குத் துல்லியமாகக் கேட்டது. "பானே."

"பாண்!" என்றேன். நடுத்தெருவில் கத்திவிட்டேன். "மச்சாள், பாண் எண்டு கேக்கிறா! எங்கட பாண்!"

லண்டனில் எத்தனையோ வருஷம் பிரெட், பிரெட் என்று சொல்லி வாங்கியிருக்கிறேன். தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் பாண் என்றால் விளங்காது. இங்கே முன்பின் தெரியாத ஒருத்தி எங்கள் வீட்டுச் சொல்லைச் சொல்லி, எங்கள் சாமானை வாங்கிக்கொண்டு போகிறாள்.

"போர்த்துக்கீசன் எங்களுக்கு விட்டிட்டுப் போன சொல்லுத்தானே அது. இவையும் அவையும் அண்டை அயல்" என்றா மச்சாள், பெரிய அதிசயம் இல்லை என்பதுபோல. ஏ லெவல் வரைக்கும் படித்தவ. ஆனால் அடுத்த கடையிலிருந்து அவவும் என்னோடு சேர்ந்து பலகைகளை வாசிக்கத் தொடங்கிவிட்டா.

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் இரண்டு பேரும் மச்சம் சாப்பிடுவதில்லை, சைவம்தான். ஒரு கடை வாசலில் மாட்டியிருந்த சாப்பாட்டு அட்டையை மச்சாள் விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தா. ஓரிடத்தில் விரல் நின்றது.

"கல்சோனே. இது என்ன மச்சாள்?"

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "களிசான்."

"காலில மாட்டுற களிசானைச் சாப்பிடுறதோ?"

"சப்பாத்தைப் பாக்டரியில வெட்டிச் சாப்பிடேக்க, இஞ்ச களிசானைச் சாப்பிட ஏலாதோ?"

உள்ளே மேசையில் ஒருவனுக்கு அது வந்து இறங்கியது. மடித்துப் பிடித்த பெரிய பிட்ஸா. அவன் கத்தியால் குத்த, ஆவி பறந்து, உள்ளேயிருந்து இறைச்சி எட்டிப் பார்த்தது. "களிசானுக்குள்ள ஆள் இருக்கு" என்றா மச்சாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அங்கிருந்து ஓடினோம்.

பசி நன்றாக ஏறியபோது ஒரு சந்து முனையில் நல்ல வாசம் வந்தது. விறகு எரியும் வாசம், மா பொரியும் வாசம். கதவுக்கு மேலே மரப்பலகை. எழுத்துக்கூட்டினேன். "ட... ட... தவேர்னா."

வாசித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மச்சாளைப் பார்த்தேன். அவவுக்கும் முகம் மாறியிருந்தது.

"தவறணை" என்றா.

ஊரில் தவறணை என்றால் கள்ளுக்கடை. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் தவறணை இருந்தால் பெண்கள் சுற்றுப் பாதையால் போவோம். உள்ளே எட்டிப் பார்த்தால், சந்தேகமே இல்லை, இரண்டு மனிதர்கள் சிவப்பாக ஏதோ குடித்துக்கொண்டு இருந்தார்கள்.

எதற்கும் பயப்படாத மச்சாள் தன் சால்வையை இழுத்துப் போர்த்தினா. "வாரும், வாரும். தவறணையில நிண்டதெண்டு உங்கட அண்ணைக்குத் தெரிஞ்சால் அவ்வளவுதான்."

இத்தனை தூரம் கடல் தாண்டி வந்து, அண்ணைக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்று இரண்டு பேரும் யோசிக்கவேயில்லை. வெறும் பாணும் இரண்டு தக்காளியும் வாங்கி ஆற்றங்கரை மதிலில் இருந்து சாப்பிட்டோம்.

பிறகு கோபுரம். படத்தில் எத்தனையோ முறை பார்த்ததுதான். ஆனால் நேரில், பச்சைப் புல்லுக்கு நடுவில், அத்தனை வெள்ளையாக, அத்தனை சரிவாக அது நிற்பதைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்னுக்கு வந்துவிட்டேன். சுற்றி வேலி போட்டிருந்தார்கள். அப்போது யாரையும் மேலே ஏற விடவில்லை. நிமிர்ந்த பக்கத்து அடியில் ஈயக் கட்டிகளை வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், மற்றப் பக்கம் விழாமல் இருக்கப் பாரமாம்.

"உம்மையும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் இருத்தியிருக்கலாம்" என்றா மச்சாள் என் இடுப்பைப் பார்த்து.

"உங்களை இருத்தியிருந்தால் மற்றப் பக்கம் விழுந்திருக்கும்" என்றேன்.

சுற்றுலாக்காரர்கள் கையை நீட்டி, கோபுரத்தைத் தாங்குவதுபோலப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத தேர் ஒன்றை எல்லோரும் கூடித் தள்ளுவதுபோல இருந்தது. எனக்கு ஆச்சரியம் கோபுரத்தில் இல்லை. அதன் காலடியில் கடை போட்டு இருப்பவர்கள்தான் ஆச்சரியம். இது இன்றைக்கோ நாளைக்கோ என்று நிற்கிறது, இவர்கள் தொப்பியும் விசிறியும் விற்கிறார்களே!

ஒரு பெண்ணின் கடையில் சின்னச் சின்னக் கோபுரங்கள் அடுக்கியிருந்தன. ஒன்று சரிந்து கிடந்தது. கை தன்பாட்டில் போய் அதை நிமிர்த்தி வைத்தது. விட்டதும் அது திரும்பச் சரிந்தது. கடைக்காரப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்தில்தான் என் ஆங்கிலத்தில் கேட்டேன், உனக்குப் பயமில்லையா என்று.

அவள் ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அதனால் நன்றாக விளங்கியது. கோபுரத்தைக் காட்டினாள். கையைச் சரித்து, அது விழும் பக்கத்தைக் காட்டினாள். பிறகு தன் கடையைக் காட்டினாள். "நான் இந்தப் பக்கம்!"

மச்சாள் அவளிடம் சாப்பாட்டுக்கு இடம் விசாரித்தா. சைவம் என்பதைச் சொல்ல, கோழிபோலக் கையை அடித்துக் காட்டி, "நோ" என்றா. மீன்போல வளைந்து, "நோ" என்றா. தலையில் இரண்டு விரலைக் கொம்பாக வைத்து, "நோ" என்றா. பக்கத்துக் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். கடைசியில் அந்தப் பெண் ஒரு கடதாசித் துண்டில் வழி கீறித் தந்தாள். நல்ல இடமாம், தன் பிள்ளைகளோடு போகிற இடமாம்.

கீறிய வழியே போனால், அதே சந்து. அதே தவறணை.

"பிள்ளையளோடயோ?" என்றா மச்சாள்.

வாசலில் நின்று நான் இன்னொருமுறை வாசித்தேன். பெரிய பலகைக்குக் கீழே கண்ணாடியில் சின்னதாக இன்னும் ஒரு வரி இருந்தது. முதல் சொல் ஃபோர்னோ. வாயில் இரண்டு தரம் உருட்டியதும் தெரிந்துவிட்டது. போறணை! எங்கள் சந்தியில் பாண் போடும் பேக்கரியின் விறகு அடுப்புக்கு அதுதான் பேர். அந்த வாசம் அதுதான்.

"மச்சாள், இது தவறணை இல்லை. இது போறணை."

"ரெண்டும் எழுதிக் கிடக்கெல்லே?"

"நாங்கள் போறணைக்குப் போவம். தவறணைக்குப் போறவை தவறணைக்குப் போகட்டும்."

உள்ளே ஒரு மேசையில் குழந்தை வண்டிலோடு ஒரு குடும்பம். இன்னொன்றில் இரண்டு கன்னியாஸ்திரிகள் சூப் குடித்துக்கொண்டு இருந்தார்கள். மச்சாள் சால்வையைத் தளர்த்தினா. "கன்னியாஸ்திரியள் தவறணைக்கு வந்திருக்கினம்" என்று என் காதுக்குள் சொன்னா.

வந்தது ஒரு மஞ்சள் துண்டு. பெரிய வட்டச் செம்புத் தாச்சியில் வேகவைத்து, வெட்டி, மேலே மிளகு தூவித் தந்தார்கள். பேர் செச்சீனா. ஒரு வாய் வைத்தேன். ஓரம் முறுகல், நடு மெத்து. மென்றுகொண்டே மச்சாளைப் பார்த்தேன். அவவும் மென்றுகொண்டே என்னைப் பார்த்தா.

"கடலை மா" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

"உள்ளி இல்லை" என்றா மச்சாள்.

"கறிவேப்பிலை இல்லை."

"எண்டாலும் கடலை மாத் தோசைதான். ஒரு பச்சை மிளகாயைக் குறுணியா வெட்டிப் போட்டால் எங்கட சாப்பாடு."

அன்று படுக்கும்போது நான் பீசாவையோ கோபுரத்தையோ நினைக்கவில்லை. அந்த மாவைத் தண்ணீர் விட்டு எவ்வளவு நேரம் ஊற வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்த நாள் பெரிய தேவாலயம் பார்த்தோம். ஒரு கடையில் நின்றபடியே காப்பி குடித்தோம். குருவிக்கோப்பையில் இரண்டு மிடறு. "மிச்சம் எங்க?" என்று மச்சாள் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தா. "கோயில் தீர்த்தம் மாதிரியெல்லே தந்திருக்கிறான். தலையிலயும் தடவிறதோ?" மத்தியானம் ஆனதும், எங்கே போவது என்று மச்சாள் கேட்கும் முன்னமே என் கால் அந்தச் சந்துக்குத் திரும்பிவிட்டது.

இந்த முறை போறணைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அடுப்படியில் என் வயதுப் பெண் ஒருத்தி. நான் பார்ப்பதைக் கண்டு, வா என்று கையால் கூப்பிட்டாள். மா கரைத்து மூடி வைத்திருந்த பாத்திரத்தைத் திறந்து காட்டினாள். ஊறுவதற்கு எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டைக் காட்டிக் கேட்டேன். கன்னத்தில் கையை வைத்து நித்திரை கொள்வதுபோலச் செய்தாள். இரவு முழுக்க. எங்கள் தோசை மாபோலத்தான்.

பிறகு என் பெரிய கேள்வியைக் கேட்டேன். தாச்சியில் இருந்த துண்டுகளைக் காட்டி, கையை விரித்து, மிஞ்சினால் என்ன செய்வாய் என்றேன். அவள் யோசித்தாள். தலையை ஆட்டினாள். ஒரு துண்டை வெட்டிக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்துவிட்டாள். மிச்சம் இருந்தால் தா என்று கேட்பதாக நினைத்துவிட்டாள், பாவம். "நல்லாக் கேட்டீர். பிச்சை கிடைச்சிட்டுது" என்றா பின்னால் நின்ற மச்சாள்.

கையில் சுற்றிய துண்டோடு, வெட்கத்தோடு, அங்கேயே ஓரமாக நின்று பார்த்தேன். தாச்சியில் கடைசித் துண்டும் போயிற்று. அவள் உடனே அடுத்ததை ஊற்றவில்லை. தாச்சியை வழித்துத் துடைத்து வைத்துவிட்டு, யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர் வந்தார், இல்லை என்று கண்டு, சுவரில் சாய்ந்து பேப்பர் விரித்தார். ஒரு தாயும் பிள்ளையும் வந்து நின்றார்கள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்த பிறகுதான் அவள் எண்ணெயை ஊற்றி, மாவை ஊற்றி, தாச்சியைப் போறணைக்குள் தள்ளினாள். ஒருவரும் ஏசவில்லை. ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. வேகும் வாசம் வரவர இன்னும் சனம் வந்து சேர்ந்தது. தாச்சி வெளியே வந்ததும் அப்படியே முடிந்தது. திரும்பத் துடைத்து வைத்தாள்.

மிஞ்சுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

வெளியே வந்து நடக்கும்போது மச்சாள் திடீரென்று சொன்னா: "ஏன் நான் உம்மையே கேட்டுக்கொண்டு நிக்கிறன் தெரியுமோ? சமையலுக்கு மட்டும் இல்லை. எனக்குப் பயப்பிடுற ஆள் ஒண்டு வேணும் மச்சாள். நான் சரியிற பக்கம். மற்றப் பக்கம் ஈயம் வைக்க வேணும்."

"திரும்பவும் என்ர பாரத்தையே சொல்லுறியள்?"

"ஓம். அந்தப் பாரம்தான் வேணும்."

கையில் இருந்த பொட்டலத்தை இன்னொரு கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். விமானத்தில் இரண்டு பேரும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஞாயிறு பின்னேரம் அண்ணை காரோடு வந்து நின்றார். நான் பின் சீட்டில். மழை.

"எப்பிடிப் பயணம்? எங்க சாப்பிட்டனீங்கள்?"

"தவறணையில" என்றேன்.

கண்ணாடிக்குள் அண்ணையின் கண் என்னைத் தேடியது. "ரெண்டு நாளும்" என்றா மச்சாள். "கன்னியாஸ்திரியளோட."

மழைத்துடைப்பான் போய்ப் போய் வந்தது. நாளை திங்கள். முன் சீட்டில் மச்சாளின் தலை அசையாமல் இருந்தது. காத்துக்கொண்டு இருக்கிறா என்று அந்தப் பிடரியைப் பார்த்தாலே தெரிந்தது.

"அந்தக் கடையின்ர பின் கதவு" என்றேன், "உள்ளுக்குத் திறக்கிறதோ, வெளியில திறக்கிறதோ?"

"வெளியில."

"நெருப்புப் பிடிச்சால்?"

"வெளியில ஓடுவம்."

"புகைபோக்கி எப்ப துப்பரவாக்கினது எண்டு ஐயாவைக் கேட்டனீங்களோ?"

"இல்லை."

"எலி இருக்கோ?"

மச்சாள் அண்ணையின் தோளில் தட்டினா. "இஞ்சேருங்கோ, காலமை முதல் வேலையா ஐயாவுக்குப் போன் எடுங்கோ. கடை எடுத்தாச்சு."

"அவள் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லையே" என்றார் அண்ணை.

"எலியைப் பற்றிக் கேட்டிட்டா. இதுக்கு மேல என்ன வேணும்? தன்ர எண்டு நினைக்காத சாமானைப் பற்றி உங்கட தங்கச்சி எப்பவாவது யோசிச்சிருக்கிறாவோ?"

மடியில் அந்த அடுப்படிப் பெண் தந்த கடதாசிப் பொட்டலம் எண்ணெய் ஊறிப்போய்க் கிடந்தது. ஓரத்தைப் பிய்த்து வாயில் போட்டேன். ஆறியும் நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சந்தில் சுவரில் சாய்ந்து பேப்பர் வாசித்தவரை நினைத்தேன். லண்டன் மழைக்குள், கிரீன் ஸ்ட்ரீட் பக்கத்துச் சனம் அப்படி நிற்குமா என்று யோசித்தேன்.

"வாசலில ஒரு வாங்கு போடவேணும்" என்றேன். "காத்திருக்கிற சனம் இருக்க. மேல மழை விழாமல் ஒரு தகரம். வாங்கு கால் ஆடாததா இருக்கவேணும், சொல்லிப்போட்டன்."